லத்தீனில் ஃபூர் என்றால் திருடன்

அக்கா வீட்டில் சங்கிலி காணாமல் போன மறு வாரம் மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். சிவப்பு எழுத்தில் ‘சாத்தான் எழுதிய வேதம்’ என்று போட்டு, நடுவில் கொம்பும் நகமுமாக ஓர் உருவம். பேசியவன் தமிழில்தான் பேசினான், ஆனால் ஓட்டு எண்ணிக்கை சொல்கிறவன் மாதிரி மூச்சு விடாமல் பேசினான். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மடத்தில், தப்பு செய்த துறவி ஒருவனை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசிவிடத் தீர்மானித்தார்களாம். உலகத்து அறிவு முழுவதையும் ஒரே ராத்திரியில் லத்தீனில் எழுதித் தருகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று அவன் கெஞ்சினானாம். பாதியில் கை ஓய்ந்து போகவே சாத்தானைக் கூப்பிட்டு, ஆத்துமாவைக் கொடுத்து, மிச்சத்தை அவனை எழுத வைத்து, நன்றிக்கு அவன் படத்தையும் ஒரு முழுப் பக்கத்தில் வரைந்தானாம். புத்தகம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

இதெல்லாம் மாமாவுக்கு முக்கியமில்லை. அந்தப் புத்தகத்தில் திருடனைக் கண்டுபிடிக்க ஒரு மந்திரமும் இருக்கிறது என்று வீடியோவின் கடைசியில் அவன் சொல்லிவிட்டு லைக் போடச் சொன்னான். மாமா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். வீடியோவுக்குக் கீழே அவர் குரலில் ஒரு செய்தி. “நீ லத்தீன் படிச்சவன்தானே மச்சான். அந்தப் புக்க எப்பிடியாவது எடு. இங்கிலீஷ்ல இருந்தாலும் சரி, பிரெஞ்சுல இருந்தாலும் சரி.”

நான் லத்தீன் படித்தது செமினாரியில். சாமியார் ஆகப் போனவன், ஆகாமல் திரும்பி வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்காதவர்கள் சொந்தத்தில் யாரும் இல்லை, சொன்ன பதிலைக் காது கொடுத்துக் கேட்டவர்களும் யாரும் இல்லை. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் “பிரதருக்கு ஒரு இலை போடுங்கப்பா” என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அலைகிறவர்களின் பிறப்பு, இறப்பு, கல்யாணச் சான்றுகளை மொழிபெயர்த்துக் கொடுத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. லத்தீன் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மாமா கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாமா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அக்கா அங்கே நர்ஸாக வேலை பார்த்தவள். ஒரே மகள் பிரான்சிலேயே குடும்பமாகிவிட்டாள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் மாடி வைத்துக் கட்டிய வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம், வாசலில் நாய் ஜாக்கிரதை என்று பிரெஞ்சில் ஒரு பலகை. நாய் செத்து ரொம்ப நாளாகிவிட்டது.

காணாமல் போனது மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மையின்போது போட்ட சங்கிலி. சிலுவை கோத்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஊருக்குப் போன பிறகு அக்கா அலமாரியைத் திறந்து பார்த்திருக்கிறாள், பெட்டி மட்டும் இருந்திருக்கிறது. மகள் வருத்தப்படுவாள் என்று அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கீழே வீட்டுக்குள் புழங்குவது மூன்றே பேர்: அக்கா, மாமா, சமையல்கார அம்மா. இரண்டு பேர் வீட்டுக்காரர்கள் என்பதால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அந்த அம்மா நெல்லித்தோப்பிலிருந்து நடந்து வருவார். புருஷன் மில் தொழிலாளி, மில் மூடிய பிறகு குடித்தே போய்ச்சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. அக்கா வீட்டு அடுப்படியில்தான் அவருடைய பாதி ஆயுள் போனது. அக்காவை மதாம் என்பார், மாமாவை முசே என்பார், மீன் குழம்பும் வைப்பார், பிரெஞ்சுக்காரன் சாப்பிடுகிற மாதிரி கோழியும் வாட்டுவார். அவரை யாரும் திருடி என்று சொல்லவில்லை. என் அக்கா அப்படியெல்லாம் சொல்லக்கூடியவள் அல்ல. சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னாள், முந்தானையை உதறச் சொன்னாள், அவ்வளவுதான். “சந்தேகம்னு இல்ல. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது” என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். சின்ன வயசில் என் ஜியாமெட்ரி பாக்ஸை அவள் உடைத்தபோதும் இதே முகத்தோடுதான் இருந்தாள்.

போலீஸுக்குப் போக மாமாவுக்கு மனமில்லை, காக்கிச்சட்டை வாசலில் நின்றால் மானம் போய்விடும். வீராம்பட்டினத்துப் பக்கம் மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். அது பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டிவரும். லத்தீன் மந்திரம் மட்டும் எப்படிப் பாவமில்லை என்று கேட்டேன்.

“அது சாமியாரு எழுதுனதுடா” என்றாள்.

“சாத்தான் எழுதினதுன்னுல்ல வீடியோவுல சொல்றான்.”

“அந்தப் படம் இருக்கிற பக்கத்தைத் தொறக்காத. மத்ததெல்லாம் லத்தீன்தானே.”

இதற்கு மேல் இறையியல் என் அக்காவுக்குத் தேவைப்பட்டதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன். அடுப்படியிலிருந்து காப்பி கொண்டு வந்த அந்த அம்மா, வாசல்வரைக்கும் என் பின்னாலேயே வந்தார்.

“அந்தப் பொஸ்தகத்துல பேரு வரும்னு முசே சொன்னாரு தம்பி. மெய்தானா?”

“எனக்குத் தெரியலம்மா. பாக்கணும்.”

“சீக்கிரமா பாரு. தெனம் முந்தானிய ஒதறிக் காட்டிட்டுப் போறேன். பக்கத்து வூட்டுல வேல செய்றவ எந்தெருதான், காம்பவுண்டு மேல நின்னு பாக்குறா. எடுத்தவங்க பேரு வந்துட்டா எம்பேரு தப்பிக்கும். இந்தப் பேர வுட்டா எங்கிட்ட வேற இன்னா இருக்கு.”

அப்படித்தான் நான் அந்தப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன்.

தேடுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். ‘முழு மொழிபெயர்ப்பு, இலவசம்’ என்று முதலில் வந்த இடம் ஏடிஎம் கார்டு விவரத்தைக் கேட்டது. அடுத்ததைத் திறந்தால் என் கம்ப்யூட்டருக்கு ஜுரம் வந்துவிட்டது என்று எச்சரித்து ஒரு மணி அடித்தது, அதை நிறுத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. டெலிகிராமில் மாந்திரீக நூல்களுக்கென்றே ஒரு குழு இருந்தது. அங்கே ஒரு புண்ணியவான் ‘சாத்தான் ஏடு தமிழில்’ என்று ஒரு கோப்பைப் போட்டிருந்தான். திறந்தால் எந்தக் காலத்திலோ அச்சிட்ட வசிய மருந்துப் புத்தகம், ஒவ்வொரு பக்கத்திலும் படம் எடுத்தவனின் கட்டைவிரல். கேட்டதற்கு, “எல்லாம் ஒண்ணுதான் ப்ரோ” என்று பதில் போட்டான்.

மாமாவுக்குப் பொறுமை இல்லை. என்னைக் கேட்காமல் ஆன்லைனில் ஒரு தடித்த புத்தகம் வரவழைத்துவிட்டார். அட்டையில் அதே கொம்பு உருவம், கீழே ‘முதன்முறையாக ஆங்கிலத்தில் முழுமையாக’ என்று இருந்தது. உள்ளே ஆதியாகமம் தொடங்கி சாதாரண ஆங்கில பைபிள், அதிகார எண்களோடு. எந்த யோக்கியனோ இலவசமாகக் கிடைக்கிற பைபிளுக்குப் பிசாசு அட்டை போட்டு விற்றிருந்தான். அக்கா அதற்குப் பிரவுன் பேப்பரில் அட்டை போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அசல் கிடைத்தது ஒரு மத்தியானம். வடக்கு ஐரோப்பாவில் ஒரு பெரிய நூலகம் அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருந்தது. பெயர் கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் இன்னும் மெக்கானிக்கிடம் இருந்தது, ஒவ்வொரு படமும் அத்தனை பெரியது, என் போனில் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. நெல்லித்தோப்பில் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள், என் திரையில் கன்றுக்குட்டித் தோலில் எழுதிய லத்தீன் மேலிருந்து கீழாக மெதுவாகத் தெளிந்து வந்தது.

தோலின் துளைகள் தெரிந்தன, கிழிசலை ஊசியால் தைத்திருந்தது தெரிந்தது. முதல் பக்கம் முதல் கடைசிவரை ஒரே கை. ஆள் கோபப்படவில்லை, அவசரப்படவில்லை, எழுத்து எங்கேயும் தளரவில்லை. இதை ஒருவன் எழுதி முடிக்க வாலிபத்திலிருந்து கிழவனாகும் வரைக்கும் ஆகியிருக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவன் பேர் என்னவென்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை. ஆயுசு முழுக்கக் குனிந்து எழுதியவனை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் படமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஊர் உலகம் பேர் கொடுத்துவிட்டது. எனக்கு அந்த வீடியோக்காரனை அறைய வேண்டும் போல் இருந்தது.

முழு மொழிபெயர்ப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதும் அங்கேதான் விளங்கியது. அப்படி ஒன்று கிடையாது. ஏட்டில் பெரும்பகுதி பைபிள், பிறகு பழைய சரித்திரம், வைத்தியம், எல்லாம் தனித்தனியாக எப்போதோ மொழிபெயர்த்தவை. யாரும் திரும்ப அந்த வேலையைச் செய்யவில்லை. மிஞ்சியது கொஞ்சம் பேயோட்டும் ஜெபங்களும் மாமா கேட்ட மந்திரமும்தான். அதற்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் அரைகுறையாக ஒரு விளக்கம் இருந்தது. மிச்சத்தை நானே படித்தேன். பாதி எழுத்தை விழுங்கி மேலே ஒரு கோடு போட்டுவிடுகிற எழுத்து, பழைய ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு சொல்லுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். செமினாரியை விட்டு வந்த பிறகு அத்தனை சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

படித்து முடித்ததும் சிரிப்பு வந்தது. கள்ளங்கபடமில்லாத ஒரு குழந்தையை உட்கார வைக்க வேண்டும், அதன் நகத்தில் எண்ணெய் தடவ வேண்டும், ஜெபங்களைச் சொல்ல வேண்டும், நகத்தின் பளபளப்பில் குழந்தைக்குத் திருடன் தெரிவான். வீராம்பட்டினத்து ஆள் வெற்றிலையில் மை தடவிச் செய்கிற அதே வேலை.

அக்கா வீட்டுக்குப் போய் அப்படியே சொன்னேன். “மை போட்டுப் பாக்கறதுதாங்க்கா இது. லத்தீன்ல இருக்கு, அவ்வளவுதான்.”

அக்கா, “சாமியாரு செஞ்சா அது வேற” என்றாள்.

மாடியில் குடியிருப்பவர்களின் பெண் குழந்தையைக் கூப்பிடலாமா என்று மாமா ஆரம்பித்தார். குழந்தையை இதில் இழுத்தால் பிரிண்ட் எடுத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றேன். அந்தக் குழந்தைக்கு யார் பேரைச் சொன்னால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று தெரியாதா. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மாமா, “சரி, வெறுமன படிச்சாலே பலன் இருக்கும். சனிக்கிழமை காலைல வந்து படி” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அந்த அம்மா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றார். “படி தம்பி” என்றார்.

சனிக்கிழமை படித்தேன். கூடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, அக்கா தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா சட்டை மாற்றிக்கொண்டு, பழைய மெடலைக்கூடக் குத்தியிருந்தார். அந்த அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் குரல் நல்ல குரல், பூசைக்கு என்று பழக்கிய குரல். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை, அதனாலேயே எல்லாரும் உருகிப்போய்க் கேட்டார்கள்.

மந்திரத்தில் திருடன் என்கிற சொல் அடிக்கடி வரும். லத்தீனில் அதற்கு ‘ஃபூர்’. இரண்டாவது தடவை அந்தச் சொல் வந்ததும் மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“நிறுத்து. இன்னா சொன்ன?”

“ஃபூர்.”

“ஃபூர்னு சொல்லுது” என்றார் அக்காவிடம்.

பிரெஞ்சில் ஃபூர் என்றால் கேக், ரொட்டி சுடுகிற அடுப்பு. அவர்கள் வீட்டில் ஒருவரும் அதை ஓவன் என்று சொல்வதில்லை, ஃபூர்தான். பிரான்சிலிருந்து கப்பலில் ஏற்றி வந்த பெரிய இரும்பு அடுப்பு அடுப்படி மூலையில் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை பற்றவைப்பதோடு சரி.

“மாமா, அது பிரெஞ்சு இல்ல. லத்தீன்ல ஃபூர்னா திருடன். திருடனைத்தான் திருடன்னு சொல்லுது. அடுப்புக்கு லத்தீன்ல வேற வார்த்தை.”

“பிரெஞ்சு எதுலேருந்து வந்துச்சு?”

“லத்தீன்லேருந்துதான். ஆனா…”

“அப்ப ஃபூர்னா ஃபூர்தான். நான் பதினேழு வயசுலேருந்து பிரெஞ்சு பேசுறவன். எனக்கு நீ சொல்லித் தர்றியா?” என்று அடுப்படிக்கு நடந்தார். அக்கா மெழுகுவர்த்தியோடு பின்னால் போனாள்.

நான் கையில் தாளை வைத்துக்கொண்டு கத்தினேன். என் ஆயுசில் நான் உறுதியாகத் தெரிந்து வைத்திருந்தது இந்த ஒரு மொழிதான். அதையும் அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை.

அந்த அம்மா அடுப்பின் முன்னால் போய் நின்றுகொண்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

“அதுல ஒண்ணுமில்ல முசே. எஞ்சோத்து டப்பாவும் பையும்தான் இருக்கு. எலி வருதுன்னு அதுல வப்பேன்.”

“நவுரு” என்றாள் அக்கா.

“நானே எடுத்துக் காட்டறேன் மதாம்.”

“நவுருன்னு சொல்றேன்ல.”

அடுப்பின் கதவைப் பிடித்திருந்த அவர் கையை மாமா விலக்கினார். உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பா, ஒரு மஞ்சள் பை. அக்கா பையை மேடையில் கொட்டினாள். சீப்பு, விபூதிப் பொட்டலம், மடித்த ஒரு துண்டு, அதற்குள் சுற்றி வைத்த மாத்திரை அட்டைகள். சாயங்காலம் பையைக் கவிழ்த்துக் காட்டும் முன்னால் இந்தத் துண்டை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். மாமா சங்கிலியைத் தேடி டப்பாவைத் திறந்து சோற்றைக் கிளறினார். அக்கா தேடவில்லை. ஓர் அட்டையை இரண்டு விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள், அத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள். அட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

“டிபியா?”

அந்த அம்மா தலையாட்டினார்.

“எப்பலேருந்து?”

“பொங்கலுக்கு அப்பறம் மதாம். கதிர்காமம் ஆஸ்பத்திரிலதான் பாக்குறேன். ஒரு வேளகூட வுடாம முழுங்குறேன். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இருமல்கூட நின்னுடுச்சி.”

“இந்தக் கையாலதான் எங்களுக்கு ஆக்கிப் போட்ட.”

மாத்திரை பிடித்துவிட்டால் சில வாரத்தில் ஒட்டாது என்பது என் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். நோயாளிகளின் வீட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தைரியம் கொடுத்ததாக அவளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அதை நான் நினைவுபடுத்தினேன். “அது ஆஸ்பத்திரி, இது வீடு” என்றாள்.

அந்த அம்மா கொட்டியதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் தண்ணீர் குடிக்கவென்று எப்போதுமே தனியாக வைத்திருந்த டம்ளரையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் அக்கா. வாசலில் நின்று அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

“சங்கிலி எங்கிட்ட இல்லன்னு பாத்துட்டீங்கல்ல முசே. அத மட்டும் சொல்லிடுங்க.”

“இதுல இல்ல” என்றார் மாமா. “வேற எங்க வச்சிருக்கியோ யாருக்குத் தெரியும்.”

பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் காம்பவுண்டுக்கு மேலே நின்று இதைக் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே நெல்லித்தோப்பில் அந்தத் தெருவுக்குச் சேதி போய்விட்டது: வெள்ளைக்காரன் மந்திரம் போட்டார்கள், அடுப்பைக் காட்டியது, பையோடு பிடித்து அனுப்பிவிட்டார்கள். நோயைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா அதைத் தாழ்ந்த குரலில் சொன்னதால் அந்தப் பெண்ணுக்குக் காதில் விழவில்லை. அந்த அம்மா வேறு இரண்டு வீட்டில் வேலை கேட்டுப் போனார், பேரைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டார்கள். தெருவில் அவர் வந்தால் கொடியில் காயும் புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்களாம்.

சங்கிலி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. மகள் வீடியோவில் பேசும்போது கழுத்தில் போட்டிருந்தாள். பூசைக்குப் பிறகு வழக்கம்போல் சாப்பிடப் போயிருந்த நானும் அதைப் பார்த்தேன். அக்கா, “அது எப்படிடீ உங்கிட்ட” என்றாள்.

“நான்தானே எடுத்துட்டு வந்தேன். அப்பாகிட்ட சொன்னேனே. மேட்ச் பாத்துட்டு இருந்தாரு, சரி சரின்னாரு.”

மாமா கொஞ்சம் யோசித்தார். “சொல்லியிருப்பா” என்றார்.

அதன் பிறகு எல்லாரும் கோழி சாப்பிட்டார்கள். அக்கா என் பிளேட்டில் ஒரு தொடை எடுத்துப் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிளேட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அது முடியாது என்றார்கள், நோய். அப்படியென்றால் அவர் தெருவில் போய், அவர் திருடவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்றேன். நாங்கள் திருடி என்று ஒருநாளும் சொன்னதில்லையே என்றாள் அக்கா. பலகை வைத்த அந்த வாசலில் நின்று நானே ஊருக்குச் சொல்வேன், முசே மேட்ச் பார்த்த கதையையும் சேர்த்துச் சொல்வேன் என்றேன். மாமா முகம் சுருங்கிப்போனது. அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கியபோது நெல்லித்தோப்பில் தண்ணீர் வருகிற நேரம். வரிசையாக ஓட்டு வீடுகள், பொதுக் குழாயடியில் குடங்கள், அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். அந்த அம்மா தன் குடத்தோடு கடைசியில் தனியாக நின்றார். அக்காவைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். பேர் திரும்பி வருகிறது என்று அவர் நினைத்தார். நானும்தான் நினைத்தேன்.

அக்காவுக்குக் கூட்டத்தில் பேசத் தெரியும், மாதா சபையில் பேசிப் பழக்கம்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க” என்றாள். “இந்த அம்மா எங்க வீட்டுல ஒரு பொருளையும் எடுக்கல. எங்க சங்கிலி கிடைச்சிடுச்சு, எம்பொண்ணுகிட்டயே இருக்கு. இவங்கள யாரும் தப்பா பேசாதீங்க, தங்கமான மனுஷி.”

குழாயடியில் ஒருத்தி, “பின்ன ஏம்மா நிறுத்துனீங்க?” என்று கேட்டாள்.

“நாங்க யாரையும் அநியாயமா நிறுத்தறவங்க இல்லம்மா” என்றாள் அக்கா. “இவங்களுக்கு டிபி. அதனாலதான் நிறுத்தினோம். மத்தபடி இவங்க மேல ஒரு குத்தமும் கிடையாது.”

சொல்லிவிட்டு அந்த அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கிக்கொண்டாள். என்னைப் பார்த்து, போதுமா என்பது போல் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

குழாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வரிசையில் அந்த அம்மாவின் குடத்துக்கு அடுத்து நின்ற குடத்தை அதற்குரியவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, கூட நின்ற தன் பேத்தியைப் பிடித்து முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “எத்தினி நாளா எங்கூட்டுப் பின்னால குந்திக்கினு இருமிக்கினு இருந்திருக்கா பாரு” என்றாள். பிறகு நேராக அந்த அம்மாவைப் பார்த்து, “இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்க” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தன் வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். ஒட்டாது, டாக்டர் சொல்லிவிட்டார், நானே எல்லாரிடமும் எடுத்துச் சொல்கிறேன் என்று ஏதேதோ உளறினேன். அவர் நிலைப்படியில் நின்று திரும்பினார்.

“உள்ள வராத தம்பி. பாத்துக்கினு இருக்காங்க.”

நின்றேன். அவர் குடத்தைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

“திருடின்னே வுட்டுருக்கலாம்” என்றார். “வேற தெருவுல வேல கெடச்சிருக்கும்.”